ஒரு கம்ப்ளைண்ட் வந்தா காலி

ஆம்பூர் பைபாஸ் ஓரத்துப் பட்டறை வரிசையில் யோகலட்சுமிக்கு மட்டும் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. ஒரு கம்ப்ளைண்ட் வந்தால் காலி. கார் எலக்ட்ரிக் வேலைக்கென்று கடை பிடித்து அவள் ஷட்டரைத் தூக்கிய முதல் நாளே, வரிசைச் சங்கத்தின் செயலாளர் காசி டீ கிளாஸும் கையுமாக வந்து நின்று அதைச் சொல்லிவிட்டுப் போனார். காசி இன்ஜின் மெக்கானிக். வரிசையில் மூத்த கடை அவருடையது. அவர் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

"பொம்பளைன்னு வேணாம்னு நான் சொல்லல. தாராளமா வேலை செய்யி. ஆனா ஒரு வண்டி உன்னால கெட்டுதுன்னு பேச்சு வந்திச்சின்னா, யாரும் சொல்லாமலே நீ ஷட்டரை இழுத்துட்டுப் போய்டணும். வரிசைக்குக் கெட்ட பேரு வரக் கூடாது பாரு."

கடை போட வந்த எந்த ஆம்பளையிடமும் காசி இப்படிச் சொன்னதில்லை. அது யோகலட்சுமிக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டாள். ஒரு பெண்ணுக்கு ஷெட் விடுவதா என்று ஊரில் பார்த்த இடத்தில் எல்லாம் கைவிரித்திருந்தார்கள். கிடைத்த ஒரே இடம் இதுதான். ஆனாலும் ஆட்டிய அந்தத் தலையை நினைத்து அவள் பிறகு பல நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

தலையாட்டுவது அவள் குணமே இல்லை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் வேலை பார்த்த காலத்திலேயே அவளுக்கு வாய்த் துடுக்கு என்று பெயர். தையல் மெஷின் நின்றால் மெயின்டனன்ஸ் ஆள் ஆடி அசைந்து வரும்வரை லைனே கை கட்டி உட்கார்ந்திருக்கும். டார்கெட் குறைந்ததற்குத் திட்டு மட்டும் தைக்கிற பெண்களுக்கு. ஒருநாள் யோகலட்சுமி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மோட்டார் மூடியைத் தானே கழற்றினாள். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருந்ததைக் காட்டினாள். மெஷின் ஓடியது, அவளுக்கு வார்னிங் கிடைத்தது. அனுமதி இல்லாமல் மூடியைத் திறந்தாளாம். அடுத்த முறை மெஷின் நின்றபோது சூப்பர்வைசர் அவள் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். "அனுமதி இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். அவர் வாயைத் திறந்து "இருக்குது, பாரும்மா" என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள். அப்படித்தான் தையலில் இருந்து மெயின்டனன்ஸுக்கு மாறினாள்.

வெளிநாட்டு ஆர்டர் குறைந்து கம்பெனி ஆட்களைக் கழித்தபோது அந்த வேலையும் போயிற்று. பள்ளிகொண்டாவில் அக்காள் வீட்டுக்காரர் வைத்திருந்த பேட்டரிக் கடையில் சேர்ந்து, கார் வயரிங் பழகிக்கொண்டாள். தோல் ஷெட்டில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டும் அவள் கணவன் குமரன், "உனக்கு வாய் ஜாஸ்தி. வயரைப் புடிக்கிறப்போ மட்டும் மூடிக்கோ, ஷாக் அடிக்கப் போவுது" என்று கேலி செய்வான். கேலி செய்தாலும், கடைக்கு இரும்பு ராக் அடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

கடை ஓடியது. ஹார்ன், செல்ஃப் மோட்டார், பவர் விண்டோ என்று வண்டிகள் வர ஆரம்பித்தன. கம்ப்ளைண்ட் எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது. ஒவ்வொரு வண்டியும் கடையை விட்டுப் போகும்போது, திரும்பி வந்துவிடக் கூடாதே என்று அது பைபாஸில் மறையும்வரை வாசலில் நின்று பார்ப்பாள். பக்கத்துக் கடைக்காரன் வசந்த், டிங்கரிங் பார்ப்பவன், ஒருவனுடைய கார்க் கதவை ஒரு வெள்ளையிலும் பானெட்டை இன்னொரு வெள்ளையிலும் அடித்துக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் வந்து கத்தும்போது சிரித்துக்கொண்டே நிற்பான். அவனால் அப்படி நிற்க முடிகிறதே என்று அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

பக்ரீத் முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. தோல் கமிஷன் ஏஜென்ட் தன்சீல் அகமது தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து, முன்பக்கம் பனி விளக்கு மாட்டச் சொன்னார். பேரணாம்பட்டு ரோட்டில் விடியற்காலையில் சரக்கு பார்க்கப் போகிற மனிதர். யோகலட்சுமி விளக்குக்குக் கரண்டைத் திறந்து மூடத் தனி ரிலே வைத்து, தனி பியூஸ் போட்டு, வயரைச் சுத்தமாகக் கட்டி மாட்டிக் கொடுத்தாள். பாய்க்கு ரொம்பத் திருப்தி.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. அந்தக் கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு, அவள் கடையைத் தாண்டி காசியின் பட்டறை வாசலில் போய் நின்றது.

அவள் கையில் இருந்த கட்டர் அப்படியே நின்றுவிட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை. மதியம் வரை அங்கே என்னென்னவோ கழற்றிப் போடுவதும், செல்ஃப் அடிப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பிறகு காசியின் குரல் வரிசை முழுக்கக் கேட்டது.

"யோகா! கொஞ்சம் வாம்மா இங்க!"

அவள் போனபோது டீக்கடைப் பக்கம் இருந்தவர்கள் எல்லாம் அங்கே கூடியிருந்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் இன்னொருவருக்கு வரும் வம்பு போல் சுவையானது வேறு இல்லை. தன்சீல் பாய் ஒரு ஸ்டூலில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசி கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஃபில்டர் மாத்தினேன். பெட்ரோல் பம்பே புதுசு போட்டேன். பம்பு ஓடல. ஏன் ஓடல? பம்புக்குக் கரண்டே வரல. ஏன் வரல? முன்னாடி பாக்ஸ்ல புதுசா ஒரு ரிலே உக்காந்திருக்குது. யாரு வெச்சது?"

"நான்தான் வெச்சேன்."

"அந்த ரிலேதான் உள்ள கம்ப்யூட்டரை அடிச்சிடுச்சி. அதான் கரண்ட் அனுப்ப மாட்டேங்குது."

காசி பிறகு குரலைத் தாழ்த்தினார். அது கத்தினதை விட மோசமாக இருந்தது. "பாரும்மா, நான் பேஜார் பண்ண விரும்பல. பாயும் நல்ல மனுஷன். தப்பு ஆய்டுச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கம்ப்யூட்டர் மாத்தறத நான் பாத்துக்கறேன். நீ மாசக் கடைசில கௌரவமா கடையைக் காலி பண்ணிக்கோ. நாம பேசின பேச்சு ஞாபகம் இருக்குதில்ல?"

கௌரவமாம்! யோகலட்சுமிக்கு முகம் சுரீர் என்று சூடாயிற்று. தப்பு செய்தவளுக்குத் தண்டனை தருவது ஒரு பக்கம் இருக்கட்டும். தப்பு என்று நிரூபிக்கும் முன்பே அதை மென்மையாகக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிறாரே என்றுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"ஞாபகம் இருக்குது அண்ணே. என் வயரால கெட்டிருந்தா, மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே ஷட்டரை இழுக்கறேன். ஆனா அது என் வயர்தான்னு முதல்ல எனக்குத் தெரியணும். வண்டியை நான் பாக்கறேன்."

"நான் பாத்துட்டேன்னு சொல்றேன்..."

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கல."

காசி பாயைப் பார்த்தார். தன்சீல் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "பாக்கட்டும் காசி. வண்டி எனக்கு ஓடணும். யாரு ஓட்டினா இன்னா?"

முதல் வேலையாக அவள் தன் ரிலேயைக் கழற்றினாள். பனி விளக்குக்குப் போன வயர் ஒன்று விடாமல் உருவி எடுத்து, பானெட் மேல் சுருட்டி வைத்தாள். இப்போது அந்தக் காரில் அவள் கை பட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. "பாய், சாவி போடுங்க" என்றாள். செல்ஃப் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"கொளுத்திட்டு, தீப்பெட்டியை எடுத்துப் பாக்கெட்ல வெச்சிக்கிட்டா நெருப்பு அணைஞ்சிடுமா?" என்றார் காசி. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு நிதானம் தவறியது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு மினுக்கியது அவள் கண்ணில் பட்டது. உடனே பிடித்துக்கொண்டாள். "சாவி! சாவில இருக்கிற சிப்பை வண்டி படிக்கல. அதான் பெட்ரோலைக் கட் பண்ணிடுச்சி. பாய், வீட்டுல இன்னொரு சாவி இருக்குமே, வரவழைங்க!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

பாய் போன் செய்தார். அவர் மனைவி ஃபரீதா ஆட்டோவில் ஆள் அனுப்பி மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டார். அதைப் போட்டார்கள். விளக்கு அதே மாதிரி ஒரு தரம் மினுக்கி அணைந்தது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"யோகா, இந்த மாடலுக்கு அந்த லைட்டு அப்படித்தான் எரியும்" என்றான் வசந்த், கொஞ்சம் சங்கடத்தோடு. "எங்க மாமன் வண்டியிலயும் அப்படித்தான்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். காசி மீசையை நீவிக்கொண்டார். யோகலட்சுமிக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது என்று சொல்வார்களே, அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. விசில் அடித்தவனைப் பிடித்து அறைய வேண்டும் போலத்தான் தோன்றியது. அதைவிட, அவசரப்பட்ட தன் வாயை அறைய வேண்டும் போல இருந்தது.

"சாவி இல்ல" என்றாள் சத்தமாக. "நான் சொன்னது தப்பு. அடுத்ததைப் பாக்கறேன்."

அதைச் சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் காருக்குள் ஏறி, பின் சீட்டில் காதை வைத்துப் படுத்தாற்போல் சாய்ந்தாள். சாவியைத் திருப்பினால் பின் சீட்டுக்குக் கீழே இருக்கும் பம்ப் கொஞ்ச நேரம் உர்ரென்று ஓடி நிற்க வேண்டும். இன்ஜினுக்கு முதல் வாய் பெட்ரோலைக் கொடுக்கிற சத்தம் அது. "திருப்புங்க பாய்." ஒன்றும் இல்லை. "மறுபடியும்." சுடுகாட்டு அமைதி. காசி சொன்னது அதுவரைக்கும் உண்மைதான். பம்ப் ஓடவில்லை.

சீட்டைத் தூக்கி பம்புக்கு வரும் வயரைக் கழற்றினாள். காசி தன் டெஸ்ட் பல்பை எடுத்துக்கொண்டு வந்தார். பல்பின் ஒரு காலை அந்த வயரின் பிளக்கில் ஒரு துளையிலும் மற்றதை மற்றொரு துளையிலும் செருகினார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. பாய், சாவி போடுங்க."

பல்பு எரியவில்லை.

"கரண்ட் இல்ல. போதுமா?"

யோகலட்சுமி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரியவில்லை என்பதைக் காசி பார்த்தார். எதனால் எரியவில்லை என்று அவள் யோசித்தாள். இரண்டு கால் உள்ள பல்பு. ஒரு கால் செத்திருந்தாலும் எரியாது. எந்தக் கால்?

தன் கடைக்கு ஓடிப்போய் ஒரு நீள வயரை எடுத்து வந்தாள். ஒரு முனையை முன்னால் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வ வைத்து, மறுமுனையை ஜன்னல் வழியாகப் பின் சீட்டுக்கு இழுத்தாள். அவளுடைய பல்பின் ஒரு காலைப் பம்ப் பிளக்கில் கரண்ட் வரும் துளையில் வைத்தாள். மற்றொரு காலை அந்த நீள வயரில் பிடித்தாள்.

"பாய், இப்போ."

பல்பு பளிச்சென்று எரிந்தது. கொஞ்ச நேரம் எரிந்து, பம்ப் எப்படி நிற்குமோ அப்படியே தானாக அணைந்தது.

"இன்னொரு தரம் பாய்!"

மறுபடியும் எரிந்தது. விசில் அடித்தவன் எங்கே நிற்கிறான் என்று அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"கரண்ட் வருது அண்ணே. கம்ப்யூட்டர் நல்லா இருக்குது. சொன்ன நேரத்துக்கு அனுப்புது, சொன்ன நேரத்துல நிறுத்துது. செத்ததா இருந்தா இதைப் பண்ணுமா?"

காசி குனிந்து பார்த்தார். மனிதர் வேலை தெரிந்தவர், அதனால் உடனே புரிந்தது. புரிந்ததால்தான் முகம் சுருங்கியது. "அப்போ என் பல்பு ஏன் எரியல?"

"நீங்க பல்போட ரெண்டு காலையும் இந்த பிளக்குலயே வெச்சீங்க. வர்ற பக்கம் நல்லா இருக்குது. திரும்பிப் போற பக்கம் செத்துப் போச்சி. எர்த் இல்ல."

கூட்டம் நெருங்கி வந்தது. யோகலட்சுமி கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு போனாள். அது சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டுக்குள் நுழைந்து, பின்பக்கம் டிக்கியை நோக்கி ஓடியது. டிக்கியைத் திறந்து தரை விரிப்பை இழுத்தாள். அது லேசில் வரவில்லை. கீழே தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, பொரபொரவென்று உரிந்து வந்தது.

அடியில் தகரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரத்தில், வயரை பாடியில் முடுக்கியிருக்க வேண்டிய இடத்தில், துருப் பிடித்த ஒரு மேடு மட்டும் இருந்தது. போல்ட்டின் தலையே இல்லை. வயரைத் தொட்டாள். முனை பச்சைப் பொடியாக அவள் விரலில் உதிர்ந்தது.

"இன்னாது இது, கடல்ல முக்கி எடுத்த மாதிரி?" என்றான் வசந்த்.

அந்த வெள்ளையில் ஒரு விரல் வைத்துத் தேய்த்தாள். பரபரவென்று கல் உப்பு. அதில் மயிர் ஒட்டியிருந்தது. குட்டை மயிர், சிலது கறுப்பு, சிலது பழுப்பு. ஆம்பூரில் பிறந்தவளுக்கு அது என்ன மயிர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாள் அந்த டிக்கி பதனிடாத பச்சைத் தோல் வாசம் அடித்திருக்கும். வெளியூர்க்காரன் எவனாவது ஏறியிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டிருப்பான். இங்கே யாருக்குத்தான் அது வாசமாகத் தெரிகிறது! காசியும் காலையில் இருந்து அந்தக் காருக்குள் புகுந்து புகுந்து எழுந்தார், அவள் மூக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் நிமிர்ந்து பாயைப் பார்த்தாள். எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டியிருந்தது. அவர் பெரிய மனிதர், அவளை நம்பிச் சாவி திருப்பினவர். பேசாமல் போல்ட்டை மாற்றிவிட்டுத் துருப் பிடித்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நாளைக்கே, யோகா எதையோ செய்து மூடி மறைத்துவிட்டாள் என்று இதே வாய்கள் பேசும்.

"பாய், டிக்கில ஆட்டுத்தோல் ஏத்தினீங்களா?"

தன்சீல் அகமது ஸ்டூலில் இருந்து எழுந்து வந்தார். டிக்கிக்குள் குனிந்து, அந்த மயிரை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சரக்குப் பார்க்கிற பழக்கம்.

"பக்ரீத் அன்னிக்கு" என்றார். "குர்பானி குடுத்த ஆட்டுத் தோல் எல்லாம் மதரஸாவுக்குக் குடுப்போம் இல்ல? எடுக்க வர்ற வேன் வரல, நடுவுல எங்கயோ நின்னு போச்சாம். தோல் பூரா வெயில்ல கிடக்குது. கொஞ்ச நேரம் விட்டா மயிர் கழண்டுக்கும், எதுக்கும் ஆகாது. தானமா வந்த தோலு, அதைக் கெட விடலாமா? நம்ம வண்டிலயே ஏத்திட்டுப் போனேன். ஏத்தறப்பவே ஒண்ணு ஒண்ணுக்கும் உப்பை வாரி வாரிப் போட்டேன். கீழ தார்ப்பாய் போட்டிருந்தேன்."

"அப்புறம் கழுவினீங்களா?"

"கழுவாம? ஹோஸ் பைப்பைப் புடிச்சி நல்லா டிக்கியைக் கழுவினேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். உப்பும் தண்ணீரும் சேர்ந்து எங்கே போயிருக்கும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இவ்ளோ வருஷம் தோல் தொழில்ல இருந்து, தோலுக்கு உப்பு பத்தலன்னா இன்னா ஆகும்னுதான் யோசிச்சேன். இரும்புக்கு உப்பு பட்டா இன்னா ஆகும்னு யோசிக்கல பாரு! தப்பு என்னோடதும்மா. எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, தப்பு என்னோடது."

அவர் இப்படிப் பளிச்சென்று சொல்லுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. உப்புத் தாள் எடுத்துத் தகரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளித் தகரம் தெரியும்வரை தேய்த்து, நல்ல இடத்தில் புதிதாகத் துளை போட்டு, செத்த வயரை வெட்டிப் புது முனை வைத்து, போல்ட் போட்டு முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினாள். சீட்டுக்குக் கீழே பம்ப் வயரைச் செருகினாள். பனி விளக்கின் ரிலேயையும் எடுத்துப் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டினாள். அதை மாட்டாமல் அவள் சாவி போடச் சொல்லப் போவதில்லை.

"பாய்."

பின் சீட்டுக்குக் கீழே உர்ர்ர் என்றது. செல்ஃப் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும், இன்ஜின் பிடித்துக்கொண்டது. வசந்த் கையைத் தட்டினான். பாய் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு, பனி விளக்கையும் போட்டுக் காட்டினார், மத்தியான வெயிலில்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. காசி கையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் வந்தார். மனதில் இருந்ததைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"சரிம்மா. கம்ப்ளைண்ட் இல்ல. நீ இருந்துக்கோ."

அவர் திரும்பி நடந்தார். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படியே விட்டிருக்கலாம். ஜெயித்தாகிவிட்டது, கடை தங்கியது, வீட்டுக்குப் போய்க் குமரனிடம் பெருமை அடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த "இருந்துக்கோ" அவள் காதில் உரசிக்கொண்டே இருந்தது. நாளைக்கும் ஒரு வண்டி போகும். நாளைக்கும் அவள் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

"அண்ணே, நில்லுங்க."

காசி நின்றார். கலைந்தவர்களும் நின்றார்கள்.

"இன்னைக்கு ஒருவேளை என் ரிலேதான் காரணமா இருந்திருந்தா?"

"இல்லன்னுதான் ஆய்டுச்சே. ஜெயிச்சிட்ட, இன்னும் இன்னா?"

"நான் ஜெயிக்கல. இன்னைக்குத் தப்பு என் பக்கம் இல்ல, அவ்ளோதான். நாளைக்கு இருக்கும்." அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "கொஞ்ச நேரம் முன்னாடிதான் சாவின்னு சொன்னேன், தப்பா போச்சி. நீங்க கம்ப்யூட்டர்னு சொன்னீங்க, தப்பா போச்சி. நல்லா இருந்த பம்பைக் கழட்டிப் போட்டீங்க. உங்களை யாரு ஷட்டரை இழுக்கச் சொன்னாங்க? யாரும் சொல்லல, சொல்லவும் கூடாது. அதே மாதிரி நானும் ஒருநாள் வயரை மாத்திப் போடுவேன். யாரோ ஒருத்தர் வண்டி வழியில நிக்கும். வந்து திட்டுவாரு. நான் வாங்கிக்குவேன், சரி பண்ணித் தருவேன். ஆனா கடையைக் காலி பண்ண மாட்டேன். அன்னைக்குத் தலையாட்டினேன் இல்ல, அந்தத் தலையாட்டல் இனிமே செல்லாது. ஒழுங்கா வேலை செஞ்சா இருக்கலாம்னு எனக்கு இடம் வேணாம் அண்ணே. தப்பு பண்ணினாலும் இருக்கற இடம் வேணும். இந்த வரிசையில எல்லாருக்கும் இருக்குதே, அது."

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாய் அதையும் நிறுத்தினார்.

காசி அவளை முறைத்தார். பிறகு கீழே கிடந்த, தான் கழற்றிப் போட்ட பழைய பம்பைப் பார்த்தார். நல்ல பம்ப். அதைக் குனிந்து எடுத்துக் கையில் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் இருந்தது, வெட்கமும் இருந்தது. இரண்டில் எது முன்னால் வரும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"பண்ணு" என்றார் கடைசியில், வேண்டாவெறுப்பாக, ஆனால் வரிசைக்கே கேட்கிற குரலில். "தப்பு பண்ணு. இங்கயே இருந்து பண்ணு. எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

யோகலட்சுமி அவருக்கு நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்கிற விஷயமாக அது அவளுக்குப் படவில்லை. நீள வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்க்கத் தன் கடைக்கு நடந்தாள்.